பெயர் தைத்த தலையணை உறைகள்

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோக வேலைகளும் ஓய்ந்திருக்கும் நாட்களில் பெண்டிரின் கைகளுக்கு வேலையில்லை. வீட்டுச் செலவுக்கோ ஓய்வேயில்லை. அந்நாட்களுக்கேற்ற உபதொழில்களுள் ஒன்று, வேண்டுவோர் பெயரைத் தைத்துக் கொடுக்கும் தலையணை உறையாகும்.

ஊசி வேலை இப்பகுதிக்குப் புதிதன்று. 1819-ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் பாதிரியாரின் மனைவியார் மார்த்தா மால்ட் அம்மையார், சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அந்த லேஸும் தலையணையின் மேலேயே பிறந்தது; இறுக அடைத்த திண்டில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அது. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-இல்தான். அதற்கு முன்னரே அச்சிறுமியருள் சிலர் லேஸ் வேலையில் ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்றனர். ஊசித் தொழிலை அற்பமென்று கருதுவோர் இதனை அறிதல் நலம்.

இலவம் பஞ்சு அடைத்த தலையணையைத் துவைத்தல் எளிதன்று. ஆகவே அடிக்கடி கழற்றித் துவைக்கத்தக்க உறை இன்றியமையாதது. 27 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் உள்ள தலையணைக்கு 62 அங்குல நீளம், 20 அங்குல அகலமுள்ள ஒரே துண்டு போதும். நீளத்தில் இரு பக்கங்களுக்கு 54, உள்மடிப்புக்கு 6, இரு ஓர மடிப்புகளுக்கு 2 என்பது கணக்கு. 42 அங்குலப் பன்னாவுள்ள துணியானால் 1¾ கெஜத்தில் இரண்டு உறைகள் கிடைக்கும். 36 அங்குலத் துணியிலோ ஒன்றுதான் தேறும். எஞ்சும் 16 அங்குலம் குழந்தைத் தலையணைக்கே உதவும். கெஜ விலை மலிவென்று குறுகிய துணியை வாங்குவோர் நட்டமடைவது இவ்வாறே.

துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்துக. இல்லையேல் சுருங்கிய உறை தலையணையில் ஏறாது. வண்ண நூலையும் வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தல் வேண்டும். சாயம் ஒட்டினால் அந்நூல் ஆகாது.

முதலில் ஓரங்களை மடித்துத் தைத்து, துண்டு விரிந்திருக்கும்போதே பெயரைத் தைத்துவிட வேண்டும். தமிழ் எழுத்தின் வளைவுகளுக்குச் சங்கிலித் தையல் நன்கு இணங்கும். புள்ளிக்கு முடிச்சுத் தையல் ஏற்றது. நடுவில் தைத்தால் முடிச்சுகள் கன்னத்தில் உறுத்துமாதலால், வாய்ப்புறத்து ஓரமே பெயருக்குத் தக்க இடம். பின்னர் நற்புறம் உள்ளாக இரு பக்கங்களையும் சேர்த்து மடித்து, உள்மடிப்பை மேலே கவிழ்த்து, இரு விலாப்புறங்களையும் அரை அங்குலம் விட்டுத் தைத்துத் திருப்பினால் உறை முடிந்தது. பொத்தானும் நாடாவும் வேண்டா.

வேலையைவிட வியாபாரத்திலேயே கவனம் மிகுதியும் வேண்டும். பிறர் பெயர் தைத்த உறையை வேறெவரும் வாங்கார். "இராமசாமி" என்று கேட்டவருக்கு "ராமசாமி" என்று தைத்துக் கொடுத்தால் துணி, நூல், மூன்று நாள் உழைப்பு யாவும் வீணாகும். ஆகையால் பெயரை வாங்குவோர் கையாலேயே எழுதி வாங்குவதும், துணியின் விலையை முன்பணமாகப் பெறுவதும் தவிர்க்கலாகாதவை. தனியொரு பெண் முன்பணம் கேட்கக் கூசுவாள். சங்கத்தின் பேரால் கேட்டால் எவரும் மனவருத்தம் கொள்ளார். துணியைத் தானாக மொத்தத்தில் வாங்கிப் பங்கிடுவதும் சங்கத்திற்கே இயலும். வியாபாரி கடனாகக் கொடுக்கும் துணியில் தைப்பவளுக்கு அவன் வைத்ததே கூலியன்றோ?

தையல் இயந்திரம் தொடக்கத்தில் வேண்டுவதன்று. வட்டிக்கு வாங்கி அதனைத் திண்ணையில் நிறுத்திவிட்டு, வேலை வருமென்று காத்திருத்தல் வீண். கைத்தையலிலேயே பத்து உறைகள் விற்றபின், விலாத் தையலுக்கு மட்டும் சங்கம் பொதுவாக ஓர் இயந்திரம் வாங்கலாம். கல்யாண மாதங்களில் மணமக்கள் பெயருக்கு இணை உறைகள் கேட்போர் உளர். அவற்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பெயர் மேலே தெரியும்படி மடித்து, முகூர்த்தத்திற்கு ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும்.