பன்னலும் பனுவலும்: நூற்புத் தொழிலின் பழஞ்சொற்கள்

கேமரன் மலையில் பருத்தி விளைவதில்லை. ஆயினும் விடியற்பொழுதில் தேயிலைச் சரிவுகளின்மேல் தவழும் மஞ்சைக் காணும் நமக்கு நற்றிணையின் 353ஆம் பாடல் எளிதில் விளங்கும். நெடுமலையில் தவழும் முகிலுக்கு, ஆடவர் துணையற்ற பெண்டிர் தம் உழைப்பால் ஆக்கிய நுண்ணிய பனுவலை அப்பாடல் உவமையாக்குகிறது. பனுவல் என்றால் புத்தகம் என்று மட்டுமே கற்ற மாணவர் இவ்விடத்தில் மயங்குவர். மலைமேல் புத்தகம் தவழுமோ?

மயக்கம் தீர, தொழிலை அறிதல் வேண்டும். பறித்த பருத்தியில் கொட்டையும் தூசும் கலந்திருக்கும். அவற்றை நீக்கிப் பஞ்சை விரலால் பிரித்து இழுத்தலை எஃகுதல் என்றனர். ஆய்த எழுத்துக்குச் சான்றாக நாம் நாளும் சொல்லும் 'எஃகு' உலோகத்தின் பெயர். இவ்வினைச்சொல்லோ இன்று அகராதியில் மட்டும் வாழ்கிறது. எஃகுதலுக்குப் பன்னுதல் என்றும் பெயர் உண்டு. பன்னிய பஞ்சும் அதிலிருந்து வரும் நூலும் பனுவலாயின. சொல்லையும் அவ்வாறே பிரித்துப் பிரித்து விரித்துரைப்பதால் பன்னுதல் பேச்சுக்கும் ஆயிற்று. இன்றும் ஒருவர் ஒன்றையே திரும்பத் திரும்பக் கூறினால் 'பன்னிப் பன்னிச் சொல்கிறார்' என்கிறோம்; பஞ்சின் நினைவு மட்டும் நம்மிடம் இல்லை.

நூல் என்னும் சொல்லைப் 'பலபொருள் ஒருமொழி' என்று பட்டியலிட்டுவிட்டு மேலே செல்வது வகுப்பறை வழக்கம். அது போதாது என்பது நம் கருத்து. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, இவ்விரு பொருள்களின் உறவை உவமையால் விளக்குகிறது. சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, வாயே கை, அறிவே கதிர். இங்குக் கதிர் என்பது ஞாயிற்றின் ஒளியன்று, நெற்கதிருமன்று. இழையை முறுக்கிச் சுற்றும் கருவி. புலவனுக்கு உவமையாக நிற்பவள் யார்? நூற்கும் பெண். இலக்கண ஆசிரியர் புலவனை அவள் இடத்தில் அமர்த்தியமை நோக்கத்தக்கது.

அப்பெண்ணைப் புறநானூறு 'பருத்திப் பெண்டு' என்கிறது. 326ஆம் பாடலில் அவள் இரவில் எழுந்து, பருத்தியின் குப்பையைப் புடைத்து நீக்கச் சிறு விளக்கேற்றுகிறாள். பகல் வேலை முடிந்தும் முடியாத உழைப்பு அது.

ஆங்கிலத்திலும் இத்தகைய வரலாறு உண்டு. அங்குப் பருத்தி பிற்காலத்தது. ஆளிச்செடியின் நாரே பழைமையானது. நூற்பவளைக் குறித்த 'ஸ்பின்ஸ்டர்' என்னும் சொல் பின்னர் மணமாகாதவளுக்குப் பெயராகி, இழிபொருளும் ஏற்றது. நற்றிணை காட்டும் துணையற்ற பெண்டிரும் நூற்றே வாழ்ந்தனர். ஆனால் தமிழில் அவர்தம் தொழிற்பெயர் வசையாகவில்லை. நார் சீவும் முட்சீப்பின் பெயரான 'ஹெக்கிள்', மேடையில் பேசுவோரை இடைமறித்துக் குடைதலைக் குறிக்கலாயிற்று. நாரைச் சீவுவதும் பேச்சைக் குடைவதும் அங்கு ஒரு சொல்லாயின. இங்குப் பஞ்சைப் பிரிப்பதும் சொல்லை விரிப்பதும் ஒரு சொல்லாயின.

துணிக்குரிய சொற்களோ வெட்டுதலிலிருந்து பிறந்தவை. துணிப்பதால் துணி, அறுப்பதால் அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவர் ஆடை விற்றவர். அவரை மருத்துவர் என்று எழுதிவிடல் ஆகாது.

இம்மலையில் 1929இல் போ தோட்டம் தோன்றிய காலத்தில் தேயிலை கையால் பறிக்கப்பட்டது. 'கொழுந்து கிள்ளுதல்' விரலுக்குரிய சொல்; ஓர் அரும்பும் இரண்டு இலையும் தெரிந்து எடுக்கும் நுட்பம் அதனுள் இருக்கிறது. இன்று கத்தரியும் பொறியுமே பெரும்பாலும் அறுவடை செய்கின்றன. செங்குத்தான சரிவுகளில்தான் கை இன்னும் தேவைப்படுகிறது. பொறி கிள்ளுவதில்லை, வெட்டுகிறது. எஃகுதலை நாம் அகராதியில் தேடுவதுபோல் இச்சொல்லையும் தேடும் நாள் வருமுன், மாணவர் தம் பாட்டியரிடம் அமர்ந்து, அவர்கள் கூடையிலும் விரலிலும் வைத்திருந்த சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். எழுதும்போது சொல்லோடு, அச்செயலைக் கை எவ்வாறு செய்தது என்பதையும் குறித்தல் வேண்டும். எஃகுதலுக்கு அக்குறிப்பு மிஞ்சியதால்தான் அதன் பொருளை இன்று நம்மால் கூற முடிகிறது.