ஜோகூர் இடைநிலைப்பள்ளி மாணவர்களின் மனநலமும் மேற்கல்வித் திட்டமிடலும்: தமிழாசிரியரின் பங்கு

முன்னுரை

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவர்களைப் பற்றிய நம் கலந்துரையாடல்கள் பெரும்பாலும் தேர்ச்சி விழுக்காட்டோடு நின்றுவிடுகின்றன. எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் அம்மாணவர் எங்குச் சென்றார், எந்த மனநிலையில் சென்றார் என்னும் வினாக்கள் அத்துணை அழுத்தமாக எழுப்பப்படுவதில்லை. மாணவரின் மனநலமும் மேற்கல்வித் திட்டமிடலும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதையும், அவ்விரண்டிலும் தமிழாசிரியருக்கு உரிய இடம் யாது என்பதையும் ஜோகூர் மாநிலத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

ஜோகூரின் சமூகப் பின்புலம்

ஜோகூரில் ஏறத்தாழ 70 தேசிய வகைத் தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றுள் பலவற்றின் பெயரில் தோட்டம் இன்னும் வாழ்கிறது, தோட்டமோ மறைந்துவிட்டது. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 2006ஆம் ஆண்டு இஸ்கந்தர் வட்டாரத் திட்டம் தொடங்கப்பட்ட பின்னர் ஸ்கூடாய், மாசாய், பாசீர் கூடாங் போன்ற இடங்களில் இம்மாற்றம் விரைவுற்றது. தோட்டத்தில் உறவினரும் அண்டை வீட்டாரும் பிள்ளைகளைக் கண்காணித்த சூழல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அமைவதில்லை.

இம்மாநிலத்திற்கே உரிய மற்றொரு கூறு சிங்கப்பூரின் அண்மை. விடியற்காலையில் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும் பெற்றோர் இரவில்தான் வீடு திரும்புகின்றனர். பிள்ளையின் முகவாட்டத்தைக் காணும் பொழுதே அவர்களுக்கு வாய்ப்பதில்லை. மேலும், ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறத்தாழ மூன்று ரிங்கிட் மதிப்புடையதாக இருக்கையில், எஸ்.பி.எம். முடித்த இளைஞருக்கு அங்குக் கிட்டும் தொடக்கநிலை ஊதியமே பெருந்தொகையாகத் தோன்றுகிறது. குடும்பத்தின் தேவையும் அதனோடு சேரும்போது மேற்கல்வி பின்னுக்குத் தள்ளப்படுவது இயல்பே. இதனைப் பொறுப்பின்மை என்று கடிந்துரைப்பதால் பயன் விளையாது.

இடைநிலைப்பள்ளிக்கு மாறும் காலம்

தமிழ்வழிப் பயின்ற மாணவர் முதலாம் படிவத்தில் தேசிய மொழியைப் பயிற்றுமொழியாக எதிர்கொள்கிறார். மலாய்மொழியில் போதிய அடைவு பெறாதோர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் பயிலும் நடைமுறை பல்லாண்டுகளாக இருந்துவந்துள்ளது. தம் வயதுடைய நண்பர்கள் ஒரு படிவம் முன்னே செல்வதைக் காணும் பிள்ளையின் மனத்தில் 'நான் பின்தங்கியவன்' என்னும் எண்ணம் வேரூன்றிவிடுகிறது. பின்னாளில் மேற்கல்வி குறித்துக் கேட்டால் 'எனக்கு அதெல்லாம் வராது, ஐயா' என்று அம்மாணவர் கூறும் விடை பதின்மூன்றாம் வயதிலேயே உருவாகத் தொடங்கியது எனலாம்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கோரினால் தேசியப் பள்ளிகளிலும் தேசிய இடைநிலைப்பள்ளிகளிலும் தமிழ்மொழி கற்பிக்க வழியுண்டு. தமிழ் வகுப்பு அமையாத பள்ளியில் மொழி இழப்போடு மற்றோர் இழப்பும் நேர்கிறது. மாணவரின் வீட்டுச் சூழலை அவர் மொழியிலேயே கேட்டறியக்கூடிய ஆசிரியர் ஒருவர் அவருக்கு இல்லாமற் போகிறார்.

மனநலமும் வழிகாட்டிச் சேவையும்

சுகாதார அமைச்சு 2022இல் நடத்திய பதின்ம வயதினருக்கான தேசிய ஆய்வு, நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வுக்கான அறிகுறிகள் காணப்படுவதாகத் தெரிவித்தது. தமிழ் வகுப்பில் அமர்ந்திருப்போரும் இவ்வயதினரே.

இடைநிலைப்பள்ளிகளில் முழுநேர வழிகாட்டி ஆசிரியர்கள் 1996 முதல் 500 மாணவர்க்கு ஒருவர் என்னும் அளவில் நியமிக்கப்பட்டனர். 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் இத்துறைக்குச் சட்டத் தகுதியை அளித்தது. இச்சேவை பயனுடையதே, எனினும், அத்தனை மாணவரையும் ஒருவரே அணுகி அறிவது அரிது. மனத்துயரைச் சொல்லும் மொழி பெரும்பாலும் வீட்டு மொழியாகவே இருப்பதால், சில மாணவர்கள் வழிகாட்டி அறையை நாடத் தயங்குகின்றனர்.

இவ்விடத்தில் ஓர் எல்லையைத் தெளிவாக வரையறுத்தல் வேண்டும். தமிழாசிரியர் மனநல வல்லுநர் அல்லர். கவனித்தல், செவிமடுத்தல், உரியவரிடம் சேர்ப்பித்தல் ஆகிய மூன்றுமே அவர்தம் கடமைகள். தொடர்ந்து வகுப்பில் உறங்குதல், கட்டுரைகளில் வாழ்வை வெறுக்கும் தொனி, திடீரெனக் குறையும் வருகை ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். தன்னுயிரைப் பற்றிய பேச்சு எழுமாயின் 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்களித்தல் கூடாது. அன்றே வழிகாட்டி ஆசிரியரிடம் தெரிவித்தல் வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதால், காவல்துறை நடவடிக்கைக்கு அஞ்சி உதவியைத் தவிர்க்கத் தேவையில்லை என்பதைப் பெற்றோருக்கும் உணர்த்தலாம். சுகாதார அமைச்சின் 15555 என்னும் தொலைபேசிச் சேவையும் உள்ளது.

திட்டமிடல் தொடங்கவேண்டிய காலம்

மேற்கல்வித் திட்டமிடல் எஸ்.பி.எம். முடிவுக்குப் பின் தொடங்குவது எனப் பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது மூன்றாம் படிவத்திலேயே தொடங்குகிறது. 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல், கலை என்னும் பிரிவுகளுக்கு மாற்றாகப் பாடத்தொகுப்புகள் அறிமுகமாயின. அன்று தேர்ந்தெடுக்கும் தொகுப்பே பின்னர்த் திறக்கும் வாயில்களையும் அடைபடும் வாயில்களையும் தீர்மானிக்கிறது. மூன்றாம் படிவ மதிப்பீடான பி.டி.3 தேர்வு 2022இல் நீக்கப்பட்டதனால், பிள்ளையின் நிலையைப் பொதுத்தேர்வு முடிவைக்கொண்டு அறிந்துவந்த பெற்றோர்க்கு அவ்வாய்ப்பும் இல்லாமற் போயிற்று.

எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறுதல் கட்டாயம். ஏனைய பாடங்களில் சிறப்புற்றும் இவற்றுள் ஒன்றில் தவறியோர் சான்றிதழ் இழக்க நேரிடும். ஆதலின், இவ்விரு பாடங்களில் தளர்ந்தோரை நான்காம் படிவத் தொடக்கத்திலேயே இனங்காணுதல் இன்றியமையாதது.

தேர்வுக்குப் பின் உள்ள வழிகள் பல. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அடிப்படைக் கல்வி, பொலிடெக்னிக் டிப்ளோமா, ஆசிரியர் கல்விக் கழகம், மலேசியத் திறன் சான்றிதழ் என அவை விரியும். ஜோகூரிலேயே தங்காக்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரியும், பாசீர் கூடாங்கில் இப்ராகிம் சுல்தான் பொலிடெக்னிக்கும், பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும், ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உள்ளன. இவ்வழிகளுள் பலவற்றிற்கும் விண்ணப்ப முறையும் இறுதி நாளும் வேறுபடுகின்றன. தகுதியிருந்தும் நாள் தவறியதால் வாய்ப்பிழப்பது, தோல்வியைவிட ஆழமான மனச்சோர்வை விளைவிக்கக்கூடும்.

தமிழாசிரியர் செய்யத்தக்கவை

முதலாவது, தமிழ்ப் பாடத்திற்குள்ளேயே இப்பணிக்கு இடமுண்டு. விண்ணப்பக் கடிதம் கற்பிக்கும்போது கற்பனை நிறுவனத்திற்குப் பதிலாக உண்மையான கல்லூரி ஒன்றின் நுழைவுத் தகுதியை மாணவரே திரட்டி எழுதச் செய்யலாம்.

இரண்டாவது, பள்ளிகளில் நடத்தப்படும் தொழில் ஆர்வச் சோதனை, ஜான் ஹாலண்டின் அறுவகை ஆளுமைக் கோட்பாட்டை அடியொற்றியது. அதன் முடிவு பெற்றோருக்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. வழிகாட்டி ஆசிரியரின் துணையோடு அதனைத் தமிழில் விளக்கினால், 'மருத்துவர் அல்லது பொறியியலாளர்' என்னும் குறுகிய எதிர்பார்ப்பு தளர்ந்து, பிள்ளையின் நாட்டத்தைப் பற்றிய உரையாடல் வீட்டில் தொடங்கும்.

மூன்றாவது, பெற்றோர் சந்திப்பை அவர்கள் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையில், தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ கோவில் வளாகத்திலோ நடத்தலாம். ஸ்ரீ முருகன் நிலையம் 1982 முதல் கல்வியையும் குடும்பத்தையும் இணைத்து ஆற்றிவரும் பணி இதற்கு நல்ல முன்மாதிரி.

சிங்கப்பூரில் வேலை செய்தே ஆகவேண்டிய மாணவரிடம், திறன் சான்றிதழ் ஒன்றைப் பெற்றுச் சென்றால் நிலை உயரும் என்பதை எடுத்துரைக்கலாம். 2025 சனவரியில் கையெழுத்தான ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல உடன்பாடு, திறன்பெற்றோருக்குப் பாலத்தின் இப்புறத்திலும் வாய்ப்புகளை நோக்கமாகக் கொண்டுள்ளது.

முடிவுரை

எதிர்காலம் தெளிவற்றிருக்கும்போது மனம் சோர்கிறது. மனம் சோர்ந்தபோது எதிர்காலத்தைத் திட்டமிட இயலுவதில்லை. இச்சுழற்சியை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தல் வேண்டும். வாரத்தில் சில பாடவேளைகளே அமையும் தமிழ் வகுப்பு அதற்கு ஏற்ற இடமாகலாம். ஆசிரியர் பயிற்சித் திட்டங்களில் இலக்கணத்தோடும் இலக்கியத்தோடும் அடிப்படை வழிகாட்டலும் ஒரு பாடமாக இடம்பெறுமாயின், நாளைய தமிழாசிரியர்கள் இப்பணியை இன்னும் செம்மையாக ஆற்றுவர்.