ஒரே கைடு போதுமா?

நல்ல கைடு அமைவது அதிர்ஷ்டம் என்று ஆய்வு மாணவர்கள் சொல்வதுண்டு. ஐந்தாறு ஆண்டு உழைப்பை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைக்கிறோமே என்று யாரும் திடுக்கிடுவதில்லை. தலைப்பை ஒப்புக்கொள்வது, அத்தியாயங்களைத் திருத்துவது, உதவித்தொகைக்குக் கையெழுத்திடுவது, பின்னாளில் வேலைக்குப் பரிந்துரை தருவது என எல்லாம் பெரும்பாலும் ஒரே நெறியாளர் கையில். அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். நோயில் படுத்தாலோ, வேறு ஊருக்கு மாற்றலானாலோ மாணவர் கதி என்ன? ‘நேச்சர்’ இதழ் 2019-இல் பல நாடுகளைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்ட ஆய்வு மாணவர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் நெறியாளருடன் தனியாகப் பேசக் கிடைப்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை என்றார்கள்.

ஸ்வீடன் நெறியாளர் ஏற்பாட்டைத் தனிமனிதக் குணத்துக்கு விடாமல் சட்டவிதியாக்கிவிட்டது. அங்கே ஒவ்வொரு முனைவர் பட்ட மாணவருக்கும் குறைந்தது இரண்டு நெறியாளர்கள். மாணவர், பல்கலைக்கழகம் என இரு தரப்பின் கடமைகளையும் எழுதிவைத்த தனிப் படிப்புத் திட்டம் ஒன்று உண்டு. அதை அவ்வப்போது புதுப்பிப்பார்கள். மாணவர் கேட்டால் நெறியாளரை மாற்றித் தந்தாக வேண்டும். இந்தியாவிலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 மாணவர்கள் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் மாணவர் தம் வேலையை விளக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குழுவைக் கூட்டுபவரே நெறியாளர். அவரைப் பற்றிய மனக்குறையை அவர் எதிரிலேயே எந்த மாணவர் சொல்வார்?

இங்கேயும் இரண்டு நெறியாளர்களை வைத்தால் ஆளுக்கொரு திசையில் இழுப்பார்கள் என்பது நியாயமான அச்சம். முதன்மை நெறியாளர் யார், எதில் யார் சொல்வது இறுதி என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்தால் அது பெருமளவு தீரும். மிச்சமிருக்கும் கருத்து மோதல் மாணவருக்கு நல்லதே. வாய்மொழித் தேர்வில் வரப்போகும் கேள்விகள் முன்கூட்டியே வந்துவிடுகின்றன. குரு சீட உறவு படிவங்களில் வாடிவிடும் என்பது இன்னொரு வாதம். எழுதிவைத்த கடமை எந்த நல்ல ஆசிரியரின் அன்பையும் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆள் பற்றாக்குறை என்பதுதான் கனமான தடை. பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் துறையில் இரண்டாவது நெறியாளருக்கு எங்கே போவது? பக்கத்துத் துறையிலிருந்தோ வேறு கல்லூரியிலிருந்தோ இணை நெறியாளரை அமர்த்த விதிகள் இப்போதே இடம் தருகின்றன. அதற்கும் வழியில்லாவிட்டால், ஆலோசனைக் குழுவில் நெறியாளர் இல்லாமல் மாணவர் பேசப் பத்து நிமிடமாவது ஒதுக்கலாம். அதற்குப் பணச் செலவு எதுவும் இல்லை.