வெட்டு ஒட்டு – 11: ஆட்டைப் பார்த்த முகம்

தமிழ் சினிமா அந்தமானுக்குக் கப்பல் ஏறுவதென்றால் காதலிக்க ஏறும், இல்லையென்றால் சிறைக்குப் போக ஏறும். 1978-இல் முக்தா சீனிவாசன் சிவாஜியை வைத்து ‘அந்தமான் காதலி’ எடுத்தார். 1996-இல் பிரியதர்ஷனின் ‘சிறைச்சாலை’ வந்தது. மோகன்லால், பிரபு நடிப்பு, சந்தோஷ் சிவன் கேமரா, சாபு சிரில் கலை. இரண்டையும் எங்கள் வீட்டில் ஊர்ப்பெருமையோடு பார்த்தோம். ஆனால் இரண்டிலும் அந்தமானில் எங்கள் ஊரான சௌல்தாரியின் பஸ் ஸ்டாப் கிடையாது. பாக்குத் தோப்பு கிடையாது. காலை முதல் பஸ்ஸுக்கு வெற்றிலைக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிற்கும் பெண்கள் கிடையாது. சென்னையில் விஸ்காம் சேர்ந்தபோதே, படம் என்று ஒன்று எடுத்தால் இதைத்தான் எடுப்பது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

அப்போது கலைஞர் டி.வி.யில் ‘நாளைய இயக்குநர்’ சூடு பிடித்திருந்த காலம். 2009-இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சியிலிருந்து நலன் குமரசாமி, கார்த்திக் சுப்புராஜ் என்று ஒரு வரிசையே கோடம்பாக்கத்துக்குள் நடந்து போனது. ராம்குமாரின் ‘முண்டாசுப்பட்டி’ குறும்படமாக இருந்து 2014-இல் முழுநீளப் படமானது. பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’க்கும் அதே ஜாதகம்தான், யூடியூபில் ஓடிய குறும்படம் 2012-இல் தியேட்டருக்கு வந்தது. இதனால் நடந்த நல்லது நிறைய. கெட்டது ஒன்றுண்டு: கடைசி நிமிடத்தில் ஒரு ட்விஸ்ட் இல்லாவிட்டால் அது குறும்படமே இல்லை என்று எங்கள் ஹாஸ்டல் முழுக்க நம்பியது. என் கதையில் ட்விஸ்ட் இல்லை. ஒரு பெண் காலையில் எழுந்து, தோப்பு வழியாக நடந்து, பஸ் ஏறி, போர்ட் பிளேர் சந்தைக்குப் போகிறாள். அன்று அவள் மகன் கப்பலேறுகிறான். அவ்வளவுதான்.

கையில் இருந்தது இரவல் வாங்கிய கேனான் 5டி மார்க் டூ. 2008-இல் வந்த அந்தக் கேமராதான் ஒரு தலைமுறைக்கே கை கொடுத்தது. அதில் ஒரு விசித்திரம்: ஒரு கிளிப் 4 ஜி.பி.யைத் தொட்டதும் ரெக்கார்டிங் நின்றுவிடும். கிட்டத்தட்ட பன்னிரண்டு நிமிடம். பழைய 16 எம்.எம். கேமராவில் 400 அடி ரோல் ஓடுவது சுமார் பதினொரு நிமிடம். வித்தியாசம் என்னவென்றால், ஃபிலிம் ஓடும் சத்தம் அந்தக் கால மாணவனுக்குக் காசு கரையும் சத்தமாகக் கேட்டிருக்கும். அதனால் ‘ஸ்டார்ட்’ சொல்வதற்கு முன்பே பாதி எடிட்டிங்கை மனதில் முடித்திருப்பான். எங்களுக்குக் கார்டை அழித்தால் மறுபடி ரோல். யோசிக்கிற வேலையை எல்லாம் எடிட்டிங் டேபிளுக்குத் தள்ளிவிட்டோம்.

ஆனால் சூரியன் தள்ளிப்போட விடவில்லை. கடிகாரத்தில் இருப்பது இந்திய நேரம். நாங்கள் இருப்பதோ கிழக்கே 92 டிகிரிக்கும் மேலே. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு இருட்டத் தொடங்கிவிடும். சென்னை நண்பர்கள் ‘ஈவினிங் லைட்’ என்று ஐந்தரை மணிக்குத் தேடுவதை நான் நாலரைக்குள் பிடித்தாக வேண்டும். காலைக் காட்சியை இரண்டு நாளாகப் பிரித்து எடுத்தோம். முதல் நாள் வெயில், மறுநாள் பொத்துக்கொண்டு மழை. கன்டினியூட்டி என்று பாடத்தில் படித்தது, வங்கக் கடல் நடுவில் இருக்கும் ஊருக்குச் செல்லுபடியாகாது. பெரியம்மா கையில் ஒரு குடையைக் கொடுத்துப் பார்த்தேன். மழை நாளில் விரித்தாள், வெயில் நாளில் மடக்கினாள். இரண்டு நாள் ஒரே காலையாகிவிட்டது.

ஆம், நடித்தது பெரியம்மாதான். நிஜத்திலும் வெற்றிலைதான் விற்றாள். “ஏண்டா தம்பி, இப்பத்தானே நடந்தேன், மறுபடி எதுக்கு நடக்கச் சொல்ற?” என்பதுதான் ஒவ்வொரு டேக்கிலும் அவள் கேள்வி. அழச் சொன்னால் சிரித்தாள். மகன் போவதைப் பார்க்கிற மாதிரி பார் என்றால், கேமராவையே பார்த்தாள். சரி விடு என்று உட்காரச் சொல்லிவிட்டு, கேமராவை நிறுத்தாமல் வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஆடு வேலியைத் தாண்டி வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்தது. பெரியம்மா முகம் இறுகியது. வாய் லேசாகத் திறந்தது. எழலாமா, படம் கெட்டுப்போகுமா என்று ஒரு தயக்கம் கண்ணில் வந்து நின்றது.

அந்த ஆறு விநாடிதான் படம். முகத்துக்குப் பின்னால், கப்பலைப் பிடிக்கத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறும் பையனின் முதுகை ஒட்டினோம். அவ்வளவு பெரிய பிரிவைப் பெரியம்மாவிடம் கேட்டு வாங்கியிருக்கவே முடியாது.

ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் இதைத்தான் செய்து காட்டினார். மொஸ்ஜூகின் என்ற நடிகரின் ஒரே முகம். பக்கத்தில் சூப் கிண்ணத்தை வைத்தால் பசி, சவப்பெட்டியை வைத்தால் துக்கம். 1919-இல் மாஸ்கோவில் தொடங்கிய திரைப்படப் பள்ளியில் அவருடைய மாணவர்களுக்குக் கச்சா ஃபிலிமே கிடைக்கவில்லை. உள்நாட்டுப் போர்க் காலம். ஃபிலிம் இல்லாமலே காட்சிகளை நடித்துப் பழகினார்கள், கிடைத்த பழைய படங்களை வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். குலெஷோவின் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்தான் இயக்குநர் புதோவ்கின். வகுப்பில் இதைக் குறிப்பெடுத்து மார்க்கும் வாங்கியிருந்தேன். புரிந்தது என்னவோ ஆட்டின் தயவில்.

லேப்டாப்பில் படத்தைப் பார்த்த பெரியம்மா கேட்டாள்: “நான் ஆட்டைத்தானே பார்த்தேன்? இவன் பஸ் ஏறுனப்போ நான் அங்க இல்லவே இல்லையே.” சமாளித்தேன். இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நடிகையாக இருந்தால் பேச்சு வேறு. தன் முகம் எதற்குப் பயன்படப் போகிறது என்று தெரியாமல் கொடுத்தவளின் முகம் அது.

இனி, வெட்டு. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கப்பலில் சென்னை திரும்பினேன். மூன்று நாள் பயணம். இன்றைய பிள்ளைகள் ஃபைலை அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி ஃபைபர் கேபிள் வந்தது 2020 ஆகஸ்டில்தான். அதுவரை தீவு முழுவதும் சாட்டிலைட்டை நம்பி இருந்தது. ஐந்து நிமிடப் படத்தை அப்லோட் செய்வதைவிட, பென் டிரைவில் போட்டு ஊருக்குப் போகிறவர் கையில் கொடுப்பது அப்போது வேகம்.

எடிட் செய்ய உட்கார்ந்தவன் என் ரூம்மேட். அந்தமானை மேப்பில்கூடச் சரியாகப் பார்க்காதவன். பெரியம்மா தோப்புக்குள் நடக்கும் ஷாட் நாற்பது விநாடி. என் உயிர். சேற்றில் முழங்கால் வரை இறங்கி, அட்டைக் கடியோடு எடுத்தது. அவன் ஒருமுறை பார்த்துவிட்டு, “இவங்க எங்க போறாங்க?” என்றான்.

“பஸ் ஸ்டாப்புக்குடா.”

“அது உனக்குத் தெரியும் மச்சான். எனக்கு மரம்தான் தெரியுது.”

நாலு விநாடியாக வெட்டினான். நான் அன்றிரவு சாப்பிடவில்லை. ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் தன் புத்தகத்தில், எடிட்டர் கூடியவரை படப்பிடிப்புத் தளத்துப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்கிறார். எடுத்தவன் கண்ணுக்கு அவன் பட்ட பாடெல்லாம் தெரியும். பார்ப்பவனுக்கு ஃபிரேம் மட்டும்தான். ஒரு வெட்டில் எதற்கு எவ்வளவு எடை என்று அவர் கணக்கே போட்டிருக்கிறார்: உணர்ச்சிக்கு மட்டும் 51 சதவீதம், கதைக்கு 23, மிச்சம் எல்லாம் அதற்குப் பிறகு. அட்டைக் கடிக்கு அதில் இடமில்லை.

ஆனால் நாலு விநாடியும் சரியில்லை. சட்டென்று பஸ் வந்து நின்றது. அவள் தோப்பிலிருந்து பறந்து வந்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்த பிறகு சத்தத்தில் சமாதானம் ஆனோம். நல்லவேளை, ஊரில் ஆள் பேச்சில்லாத சில்வண்டு சத்தத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். தகரக் கூரையில் மழை விழுந்த பேச்சுக் காட்சிகளைக் காப்பாற்ற எடுத்தது. அதோடு காய்ந்த பாக்கு மட்டையை ஹாஸ்டல் வராந்தாவில் மிதித்து, காலடிச் சத்தம் ஒன்று பதிவு செய்தோம். (பாக்கு மட்டைக்குப் பாரிமுனை வரை போனோம், தட்டு செய்யும் கடைக்கு.) நடக்கும் ஷாட் ஒன்பது விநாடியில் முடிந்தது. காலடிச் சத்தம் மட்டும் முடியாமல், பஸ் ஸ்டாப்பின் வெறும் ரோட்டு ஷாட் மேல் தொடர்ந்து வந்து, அவள் ஃபிரேமுக்குள் நுழையும்போது நின்றது. தூரம் புரிந்தது. எல் கட் என்று பாடத்தில் இருந்ததுதான்.

ஒரு குறும்படப் போட்டிக்கு அனுப்பினோம். பார்த்தவர்களில் ஒருவர் அக்கறையாகக் கூப்பிட்டுப் பேசினார். லொகேஷன் பிரமாதம், அம்மாவாக நடித்தவர் அந்தக் கடைசிப் பார்வையில் அசத்திவிட்டார், எந்த நாடகக் குழு என்று விசாரித்தார். அப்புறம், ட்விஸ்ட் எங்கே தம்பி என்றார். எனக்கு முன்னால் ரூம்மேட் போனை வாங்கி, “சார், ட்விஸ்ட் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு, வெட்டிட்டோம்” என்றான்.