பெனிசிலினை வெல்லும் நொதி

பெனிசிலின் மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படத் தொடங்கும் முன்னரே, அதனை அழிக்கும் நொதி கண்டறியப்பட்டுவிட்டது. 1940ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு ஆபிரகாமும் எர்னஸ்ட் செயினும் எஸ்செரிசியா கோலை பாக்டீரியாவின் சாற்றில் அதன் செயலைக் கண்டு, ‘பெனிசிலினேஸ்’ எனப் பெயரிட்டனர். இன்று அவ்வகை நொதிகள் பீட்டா லாக்டமேஸ்கள் எனப்படுகின்றன.

பெனிசிலினின் ஆற்றல் அதன் மூலக்கூறிலுள்ள, நான்கு அணுக்களாலான சிறு வளையத்தில் அடங்கியுள்ளது. பாக்டீரியாவின் செல்சுவர் இழைகளைப் பிணைக்கும் நொதியிலுள்ள செரீன் என்னும் அமினோ அமிலம் இவ்வளையத்தைத் தாக்கும்போது, வளையம் திறந்து செரீனுடன் ஒட்டிக்கொள்கிறது. பிடிபட்ட நொதி எளிதில் மீள்வதில்லை. சுவர் வலுவிழக்க, பாக்டீரியா மடிகிறது.

பீட்டா லாக்டமேஸ்களுள் பலவும் செரீனைக் கொண்டே அதே வளையத்தைத் தாக்குகின்றன. எனில், இவை மட்டும் சிக்கிக்கொள்ளாதது எவ்வாறு? டெம்-1 என்னும் வகையை நோக்கின் விடை புலப்படும். 70 என்னும் எண்ணுடைய செரீனுக்கு அருகில், 166 என்னும் எண்ணுடைய குளூட்டாமிக் அமிலம் ஒரு நீர் மூலக்கூறை உரிய இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. அந்நீர் பிணைப்பை அறுத்து, சிதைந்த பெனிசிலினை வெளியேற்றுகிறது. நொதி அடுத்த மூலக்கூறுக்கு ஆயத்தமாகிறது. அமினோ அமிலச் சங்கிலியில் இவ்விரண்டும் வெகுதொலைவில் உள்ளவை. சங்கிலி மடிந்து முப்பரிமாண வடிவம் பெறும்போதுதான் அண்டையில் வந்தமைகின்றன. வெப்பத்தால் மடிப்புக் குலைந்த நொதி, அமினோ அமிலம் ஒன்றும் குறையாதிருந்தும் செயலற்றுப்போவது இதனாலேயே.

பின்னர், பருமனான பக்கத்தொகுதி கொண்ட செஃபோடாக்சிம் போன்ற மருந்துகள் வந்தன. டெம்-1இன் குறுகிய கிளர்வு மையத்தில் அவை சரிவரப் பொருந்தவில்லை. ஆயினும், 238ஆம் இடத்தில் கிளைசினுக்கு மாற்றாகச் செரீன் அமைந்த நொதிகள் தோன்றின. 263 அமினோ அமிலங்களுள் ஒன்று மாறியதும் மையம் அகன்றது. புதிய மருந்தும் சிதைந்தது. ஆனால் இந்த ஆதாயம் விலையின்றி வரவில்லை. நொதியின் உறுதி குறைந்தது. பெனிசிலினைச் சிதைக்கும் திறனும் தாழ்ந்தது. மையத்திலிருந்து விலகியுள்ள 182ஆம் இடத்தில் மெத்தியோனின் நீங்கித் திரியோனின் அமையின், இழந்த உறுதி மீள்கிறது. மருந்தைத் தொடவே தொடாத ஓரிடம் மருந்தின் தோல்வியில் பங்கு கொள்வது வியப்பிற்குரியது.

ஸ்டிரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்ட கிளாவுலானிக் அமிலம், டெம்-1 போன்ற நொதிகளின் செரீனைப் பற்றி அவற்றை முடக்குகிறது. அமாக்சிசிலினுடன் அதனைச் சேர்த்து மாத்திரையாக வழங்குவது இதனால்தான். என்டிஎம்-1 என்னும் நொதியோ துத்தநாக அயனிகளைக் கொண்டு இயங்குவது. பற்றுவதற்குரிய செரீன் அதன் மையத்தில் இல்லாமையால், கிளாவுலானிக் அமிலம் அதனிடம் பயனற்றுப்போகிறது.