அத்தோ, முறுக்கு சாண்ட்விச், கிம்ச்சி: சென்னையில் யார் யாருக்காகச் சமைக்கிறாங்க?

எங்களுக்கு வர்ற மெசேஜ்ல அடிக்கடி வர்ற கேள்வி இதுதான்: "பிரியாணி, தோசை, பீட்சா எல்லாம் போர் அடிச்சிடுச்சு. சென்னையில வித்தியாசமா சாப்பிட எங்க போகலாம்?" இந்த எபிசோட் அதுக்கான பதில். ஆனா "டாப் டென்" பட்டியல் எதிர்பார்க்காதீங்க, அதுக்கு ரீல்ஸ் இருக்கு. கடை தேடுறதுக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன். அதைச் சொல்றேன்.

ஒரு புதுச் சாப்பாடு கண்ணுல பட்டா, நல்லா இருக்குமான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி நான் இன்னொண்ணு யோசிப்பேன்: இதை முதல்ல யாருக்காகச் சமைச்சாங்க? ஒரு ஊருக்குப் புது ஆளுங்க சும்மா வர்றதில்லை. வேலைக்கு வருவாங்க, வியாபாரத்துக்கு வருவாங்க, இல்லன்னா துரத்தப்பட்டு வருவாங்க. வந்த இடத்துல வீட்டுச் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்கும். அப்போ யாராவது ஒருத்தர் அடுப்பு பத்த வைப்பாங்க. அந்த ஆளுங்க இன்னிக்கும் அதே கடையில உக்காந்து சாப்பிடுறாங்கன்னா, தைரியமா உள்ள போகலாம்.

இதுக்குச் சென்னையில எனக்குத் தெரிஞ்ச மிகச் சிறந்த உதாரணம் பாரிமுனையில இருக்கு. சாயங்காலம் பீச் ஸ்டேஷன்ல இறங்கி, பர்மா பஜாரைத் தாண்டி, ராஜாஜி சாலைக்குப் பின்னாடி இருக்கிற செகண்ட் லைன் பீச் ரோட்டுக்குள்ள போங்க. தள்ளுவண்டிகள் வரிசையா நிக்கும். ஆரஞ்சு நிறத்துல மலை மாதிரி நூடுல்ஸ் குவிச்சு வச்சிருப்பாங்க. அதுதான் அத்தோ.

பஜாருக்கு ஏன் பர்மான்னு பேருன்னு நம்மள்ல பல பேர் யோசிச்சிருக்க மாட்டோம். பிரிட்டிஷ் காலத்துல தமிழ்நாட்டுலேர்ந்து கூலி வேலைக்கும், வட்டித் தொழிலுக்கும், கணக்குப்பிள்ளை வேலைக்கும் பர்மாவுக்குக் கப்பல் கப்பலா ஜனங்க போனாங்க. செட்டியார் கடைகளும் தமிழ்க் குடும்பங்களும் ரங்கூன்ல நிறைய. 1962-ல நே வின் தலைமையில ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. அடுத்த ரெண்டு வருஷத்துல கடைகளும் நிறுவனங்களும் நாட்டுடைமை ஆச்சு. 1964-ல 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதுன்னு அறிவிச்சாங்க. நோட்டு செல்லாதுன்னா என்ன ஆகும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. தலைமுறை தலைமுறையா அங்க வாழ்ந்தவங்க, கையில கிட்டத்தட்ட ஒண்ணும் இல்லாம, லட்சக்கணக்குல இந்தியாவுக்குத் திரும்பினாங்க. சென்னைத் துறைமுகத்துல இறங்கின நிறைய குடும்பங்கள் வியாசர்பாடி மாதிரி வடசென்னைப் பகுதிகள்ல குடியேறினாங்க. அவங்க பிழைக்கிறதுக்காக 1969-ல உருவானதுதான் பர்மா பஜார். நம்ம அண்ணன்மார் வாக்மேனும் டிவிடியும் வாங்கின அதே இடம்.

(சின்ன இடைச்செருகல்: திரும்பி வந்ததுல சில பேர், இந்தியா ஒத்துவராம, தரை வழியா மறுபடியும் பர்மாவுக்கே போகப் பார்த்தாங்க. எல்லையில விடல. அப்படியே மணிப்பூர் எல்லையில இருக்கிற மோரேங்கிற ஊர்லயே தங்கிட்டாங்க. இன்னிக்கும் அங்க தமிழ்ச் சங்கம் இருக்கு, அம்மன் கோயில் இருக்கு.)

சரி, தட்டுக்கு வருவோம். 'அதோக்'னா பர்மிய மொழியில கையால பிசைஞ்சு கலந்த சாலட் மாதிரி ஒரு வகை. நம்ம ஊர்ல அது 'அத்தோ' ஆயிடுச்சு. அதனால இது ஃப்ரைட் நூடுல்ஸ் இல்ல, அடுப்புல ஏத்தவே மாட்டாங்க. வேகவச்ச நூடுல்ஸ், மெலிசா நறுக்கின முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமா பொரிச்ச வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த் தூள், உப்பு. மேல 'பேஜோ'வை நொறுக்கிப் போடுவாங்க. 'பே'ன்னா பயறு, 'ஜோ'ன்னா பொரிச்சது. நம்ம தட்டைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். எல்லாத்தையும் ஒரு கிண்ணத்துல போட்டுக் கையால பிசைஞ்சு தருவாங்க. புளிப்பு, காரம், மொறுமொறுப்பு மூணும் ஒரே வாய்ல வரும். கூட ஒரு கிண்ணத்துல வாழைத்தண்டு சூப். அது ஓசி. ரெண்டாவது தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டாங்க.

அந்த சூப்பைச் சாதாரணமா குடிச்சிட்டுப் போயிடாதீங்க, கதையே அதுலதான் இருக்கு. பர்மாவோட தேசியச் சாப்பாடுன்னு சொல்லக்கூடியது மொஹிங்கா: மீன் குழம்புல வாழைத்தண்டு போட்டு, அரிசி நூடுல்ஸ் மேல ஊத்தித் தர்ற காலைச் சாப்பாடு. சென்னை வண்டியில பெரும்பாலும் மீன் காணாம போச்சு, வாழைத்தண்டு மட்டும் மிச்சம். அதே மாதிரி பர்மாச் சமையல்ல எல்லாத்துலயும் தலைகாட்டுற 'ங்கபி', அதாவது புளிக்க வச்ச மீன் விழுது, இங்க பொதுவா இல்ல. ஏன்? வண்டி வச்சவங்களுக்குத் துறைமுகத்து லோடுமேனும், பாரிமுனை கடைப் பையனும் வாடிக்கையாளரா வரணும். அவங்களுக்கு அந்த வாசனை பழக்கமில்ல. பிழைப்புக்காகச் சாப்பாட்டைத் தமிழாக்கினாங்கன்னு சொல்லலாம்.

இதை நான் குறையா சொல்லல. இப்போ சில கடைகள்ல சீஸ் அத்தோ, ஷெஸ்வான் அத்தோ எல்லாம் வந்தாச்சு. அதுலதான் எனக்கு உடன்பாடு இல்ல. பூண்டு எண்ணெய் வாசனை மேல சீஸ் கொட்டினா அப்புறம் அது எந்தக் கடையோட நூடுல்ஸா வேணும்னாலும் இருக்கலாம். ஆனா யோசிச்சுப் பார்த்தா, அதுவும் நம்மாலதான். லோடுமேனுக்காக மீன் போச்சு, ரீல்ஸ் எடுக்க வர்ற நமக்காக சீஸ் வந்திருக்கு. நம்ம என்ன கேக்குறோமோ அதைத்தான் அவங்க செய்வாங்க. அதனால போறவங்க சாதா அத்தோவும், நடுவுல கீறி பொரிச்ச வெங்காயமும் புளித்தண்ணியும் பூண்டு எண்ணெயும் விட்டுத் தர்ற முட்டை மசாலாவும் கேளுங்க. மொஹிங்கா இருக்கான்னும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கேக்குற ஆள் இருந்தாத்தான் அது வண்டியில இருக்கும்.

அங்கிருந்து என்.எஸ்.சி. போஸ் ரோடு வழியா நடந்தே சௌகார்பேட்டை போயிடலாம். பைக், கார் எடுத்துட்டுப் போறவங்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். சாகுகார்னா வட இந்திய மொழிகள்ல பணம் கொடுத்து வாங்குற வியாபாரி. பேட்டைக்குப் பேர் அப்படி வந்ததுதான். ராஜஸ்தான், குஜராத் பக்கத்துலேர்ந்து வந்த குடும்பங்கள் பல தலைமுறையா இங்க இருக்காங்க, அதுல சமணர்கள் நிறைய. சமணச் சாப்பாட்டுல வெங்காயம், பூண்டு மட்டுமில்ல, உருளைக்கிழங்கு மாதிரி மண்ணுக்கடியில விளையுற எதுவும் கிடையாது. கட்டுப்பாடா இருக்கிறவங்க பொழுது சாயுறதுக்கு முன்னாடி ராத்திரிச் சாப்பாட்டை முடிச்சிடுவாங்க. உருளைக்கிழங்கு இல்லாம பாவ் பாஜி எப்படி? வாழைக்காய் போடுவாங்க. 'ஜெயின் பாவ் பாஜி'ன்னு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க. கட்டுப்பாடு ஒரு சமையலை எவ்வளவு புத்திசாலியாக்கும்னு புரியும்.

தங்கசாலைத் தெரு, அதாவது மின்ட் ஸ்ட்ரீட்ல, காக்கடா ராம்பிரசாத் கடை ஜிலேபி பிரபலம். எனக்கு அதைவிடப் பிடிச்சது அந்த ஏரியாவோட முறுக்கு சாண்ட்விச். ரொட்டிக்குப் பதிலா ரெண்டு சின்ன முறுக்கு, நடுவுல வெள்ளரி, தக்காளி, பச்சை சட்னி. மார்வாடித் தெருவும் தமிழ்நாட்டுப் பலகாரமும் கல்யாணம் பண்ணிக்கிட்டா பிறக்கிற குழந்தை இதுதான். சட்னியில ஊறி நமத்துப் போறதுக்கு முன்னாடி, நின்ன இடத்துலயே வாய்ல போட்டுடணும். பார்சல் வாங்கினா பாவம். அதே வட்டாரத்துல, என்.எஸ்.சி. போஸ் ரோட்ல, சீனா பாய் டிபன் சென்டர். இங்க கலப்பு எதிர்த் திசையில நடந்திருக்கு: நம்ம இட்லியும் ஊத்தப்பமும், ஆனா நெய்யும் பொடியும் சௌகார்பேட்டை அளவுல. சாயங்காலம்தான் கடை. மெனு கார்டுக்கு வேலையே இல்ல.

சேப்பாக்கம் நாயர் மெஸ்ஸைச் சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா உங்கள்ல பாதிப் பேர் மேட்ச் பாக்கப் போகும்போது போயிருப்பீங்க. 1961-லேர்ந்து இருக்கு. பக்கத்துல திருவல்லிக்கேணி மேன்ஷன்கள்ல தங்கியிருக்கிற பேச்சிலர்களுக்கு மதியச் சோறும் மீனும். வேலை தேடி வந்தவங்களுக்கான சமையல்ங்கிற நம்ம கணக்குக்கு அப்படியே பொருந்துது.

இப்போ கொஞ்சம் புது ஆளுங்க. 1996-ல ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் தொழிற்சாலை கட்ட ஆரம்பிச்சாங்க. 1998-ல சான்ட்ரோ ரோட்டுக்கு வந்துச்சு. அந்த கார் கூடவே கொரிய இன்ஜினியர்கள், உதிரி பாகக் கம்பெனிக்காரங்க, அவங்க குடும்பங்கள் வந்தாங்க. பூந்தமல்லி ஹை ரோடு நேரா தொழிற்சாலைப் பக்கம் போகுதுல்ல? அதனால கீழ்ப்பாக்கம் வட்டாரத்துல கொரிய கெஸ்ட் ஹவுஸ், அதோட ஒட்டினாப்ல ரெஸ்டாரண்ட்னு முளைச்சுது. இன்சியோல் மாதிரி கடைகள் அந்த வகை. கே-டிராமா பாத்துட்டு நம்ம போக ஆரம்பிச்சது ரொம்பப் பின்னாடி.

அங்க போனா என்ன கேக்கணும்? டிராமாவுல வர்ற ராமன் மட்டும் சாப்பிட்டுட்டு வந்துடாதீங்க. அது பாக்கெட் நூடுல்ஸ், வீட்லயே பண்ணலாம். நீங்க என்ன ஆர்டர் பண்ணாலும் முதல்ல சின்னச் சின்னக் கிண்ணத்துல கிம்ச்சி, முளைகட்டின பயறு, கீரைன்னு வரிசையா வைப்பாங்க. அதுக்குப் பேர் பான்சான். நம்ம இலையில கூட்டு, பொரியல், ஊறுகாய் வைக்கிற மாதிரிதான், தீர்ந்தா மறுபடி கேக்கலாம், பில்லுல வராது. பன்றி இறைச்சி சாப்பிடுறவங்க நாலு பேராப் போய் சம்கியோப்சல் சொல்லுங்க. மூணு அடுக்கு இறைச்சின்னு அர்த்தம். மேஜையிலயே சுட்டு, இலையில சுருட்டி, ஒரே வாய்ல போடணும். கடிச்சுக் கடிச்சுச் சாப்பிட்டா எல்லாம் சட்டையில. மே மாசத்துல நெங்மியோன் கிடைச்சா விடாதீங்க: ஐஸ் மிதக்கிற சாறுல குளிர்ந்த நூடுல்ஸ். பழைய சோறு குடிச்சு வளர்ந்த நமக்கு அதோட அருமை உடனே புரியும்.

சைவக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிம்ச்சி பார்க்க முட்டைக்கோஸ் ஊறுகாய் மாதிரி இருக்கும், ஆனா வழக்கமா அதுல மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ இருக்கும். கேட்டுட்டுச் சாப்பிடுங்க. அத்தோ வண்டியிலயும் முட்டை, சிக்கன் தொட்ட அதே கை, அதே கிண்ணம்தான். அதுல கண்டிப்பா இருக்கிறவங்களுக்கு சௌகார்பேட்டையே போதும்.

ஜப்பானியச் சாப்பாட்டுக்கு நுங்கம்பாக்கம் ஹை ரோட்ல, காவேரி காம்ப்ளெக்ஸ்ல டாலியா இருக்கு. பழைய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ், வெளியிலேர்ந்து பார்த்தா ஜெராக்ஸ் கடை இருக்கும்னு நினைப்பீங்க. வேலைக்கு வந்த ஜப்பானியர்களை நம்பி நடந்த கடை, அதனால அலங்காரத்துக்குச் செலவு பண்ண அவசியமே இல்ல. ஆம்பியன்ஸுக்கு ரெண்டு ஸ்டார் கொடுக்கிறவங்க தயவுசெஞ்சு போகாதீங்க, மத்தவங்களுக்கு இடம் கிடைக்கட்டும்.

ஊருக்கு வெளியேன்னா நிறைய பேர் ஈ.சி.ஆர்.னு சொல்லுவாங்க. அந்த ரோட்ல இருக்கிற பெரிய பெரிய கடைகள்ல முக்கால்வாசி எனக்கு ஒட்டல, அது யாருக்காகவும் ஆரம்பிச்ச மாதிரி இல்ல, பார்க்கிங்குக்காக ஆரம்பிச்ச மாதிரி இருக்கு. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெரு வேற கதை. மீனவர் குப்பத்தை ஒட்டின தெரு, வெளிநாட்டுப் பயணிகள் மாசக்கணக்குல தங்கின தெரு. அதனால மூன்ரேக்கர்ஸ் மாதிரி கடைகள்ல பான்கேக்கும் இருக்கும், பூண்டு வெண்ணெய்ல புரட்டின இறாலும் இருக்கும். மீன் கேட்டா அன்னிக்கு வந்ததைக் காட்டச் சொல்லி, விலையை முதல்லயே பேசிட்டு அப்புறம் அடுப்புக்கு அனுப்புங்க. எடை பார்த்து பில் போடுற இடத்துல இந்தப் பழக்கம் ரொம்ப முக்கியம்.

கடைசியா நடைமுறை விஷயம். பாரிமுனையும் சௌகார்பேட்டையும் ஒரே சாயங்காலத்துல முடிச்சிடலாம்: சௌகார்பேட்டையில அஞ்சரைக்கு ஆரம்பிச்சு, ஏழரைக்கு அத்தோ வண்டி. ஞாயித்துக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருக்கிறதால பாரிமுனையே வேற ஊர் மாதிரி இருக்கும், வண்டிகளும் குறைவா இருக்கலாம். வார நாள்ல போங்க. சில்லறை வச்சுக்கங்க. கூட்டமா இருந்தா வீடியோவை அப்புறம் எடுத்துக்கலாம். உங்களுக்குப் பின்னாடி நிக்கிறவர் நாள் முழுக்க மூட்டை தூக்கிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்திருப்பார்.

உங்க ஏரியாவுல இப்படி ஒரு கடை இருந்தா, கடைப் பேரோட அங்க யார் வந்து சாப்பிடுறாங்கன்னும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட் மயிலாப்பூர். ஜன்னல் வழியா பஜ்ஜி கொடுக்கிற கடையில தொடங்கறோம்.