காத்திருத்தலின் பொருளாதார அடிப்படை: இணையவழிப் பாத்திர விளையாட்டுகள் பற்றிய ஒரு நோக்கு

பலர் ஒரே வேளையில் இணையத்தின் வழியே பங்குகொள்ளும் பாத்திர விளையாட்டுகள் குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. பழைய விளையாட்டுகளின் கடுமையே அவற்றின் சிறப்பு என்பர் ஒருசாரார். அக்கடுமை மனிதரின் நேரத்தை வீணாக்கிய பிழையான அமைப்பு என்பர் மற்றொரு சாரார். இரு சாராருமே விளையாட்டு விதிகளை அவை தோன்றி இயங்கிய சமூக உறவுகளினின்றும் பிரித்து நோக்குகின்றனர். இலக்கிய உருவத்தைச் சமூக அடித்தளத்தினின்றும் பிரித்தாராய்தல் எத்துணைக் குறைபாடுடையதோ, அத்துணைக் குறைபாடுடையது இந்நோக்கும் எனலாம்.

1999 மார்ச்சில் அமெரிக்காவில் வெளிவந்த எவர்குவெஸ்ட் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இதில் ஒருவர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்று, கற்பனை உலகொன்றிலே பிறருடன் உலவி, அரக்கரைக் கொன்று அனுபவப் புள்ளிகளையும் ஆயுதங்களையும் ஈட்டுவார். பாத்திரம் இறந்தால் ஈட்டிய அனுபவத்தின் ஒரு பகுதி பறிபோகும். உயிர்த்தெழுதல் தொலைவான ஓரிடத்திலே நிகழும். தொடக்க காலத்தில் உடைமைகளோ இறந்த இடத்திற் கிடக்கும் சடலத்துடன் தங்கிவிட்டன. வெறுங்கையுடன் திரும்பிச் சென்றே அவற்றை மீட்க வேண்டியிருந்தது. அரிய பொருளை வைத்திருக்கும் அரக்கன் தோன்றும்வரை, குறித்த இடத்திற் பல மணிநேரம் காத்திருத்தலும் வழக்கமாயிருந்தது. மந்திரவாதியோ சக்தியை மீட்பதற்கு மந்திர நூலை விரித்தபடி அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. தொடக்க நிலைகளில் அந்நூல் திரையின் பெரும்பகுதியை மறைத்தும் நின்றது.

இவ்விதிகள் அனைத்தும் வணிக நிறுவனமொன்று புதிதாக வகுத்தவை அல்ல. டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணினியியல் மாணவர்கள் 1991இல் வெளியிட்ட டிகுமட் என்னும் எழுத்துவடிவ விளையாட்டின் மரபு எவர்குவெஸ்டில் தெளிவாகக் காணப்படுகின்றது. டிகுமட்டைக் கொண்டு எவரும் இலாபம் ஈட்டலாகாது என்பது அதன் உரிம நிபந்தனையாக இருந்தது. அங்கு காத்திருத்தல் எவருக்கும் வருவாயாகவில்லை. ஆனால் மாதந்தோறும் சந்தா அறவிட்ட எவர்குவெஸ்டிலோ, ஓர் இலக்கை அடைய எடுக்கும் காலம் நீளுந்தோறும் சந்தா செலுத்தும் மாதங்களும் நீண்டன. விதி பெரும்பாலும் அதுவே. அது இயங்கிய பொருளாதார உறவே மாறியது. எனவே, பழைமையின் கடுமையை வெறும் மரபென்றோ, வெறும் வணிகச் சூழ்ச்சியென்றோ கொள்வது பொருந்தாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சடலத்தைத் தனியே மீட்கவியலாதவன் பிறர் துணையை நாட வேண்டியிருந்தது. இழந்த அனுபவத்தின் பெரும்பகுதியை மீட்டுத்தரும் ஆற்றல் உயர்நிலைக் குருமாரிடம் இருந்தமையால், அவர்களின் நட்பு இன்றியமையாததாயிற்று. நம்பிக்கையும் நற்பெயரும் அவ்வுலகில் உண்மையான பயனுடையனவாயின. வருவாயைப் பெருக்கிய அதே தேவைதான் கூட்டுறவையும் தோற்றுவித்தது. இம்முரண்பாட்டை உணராதவிடத்துப் பழைய விளையாட்டுகள்மீது பலர் கொண்டுள்ள ஏக்கத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

காலம் விலையாகும் இடத்தில் உழைப்புச் சந்தை தோன்றுவது இயல்பே. எவர்குவெஸ்ட் உலகில் ஒரு மணிநேரத்துக்கு ஈட்டப்படும் பெறுமதி ஏறத்தாழ 3.42 அமெரிக்க டொலர் எனப் பொருளியலாளர் எட்வேர்ட் காஸ்ட்ரனோவா 2001இற் கணித்தார். இச்சந்தையின் முழு வடிவத்தைப் பின்னர் வந்த வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்டிற் காண்கிறோம். சீனாவின் நாஞ்சிங் நகரில் இரவில் 12 மணிநேரம் அவ்விளையாட்டின் பொற்காசுகளைத் திரட்டும் தொழிலாளர் பற்றி ஜூலியன் டிபெல் 2007இல் எழுதினார். 100 பொற்காசுகளுக்குத் தொழிலாளி பெற்றது ஏறத்தாழ 1.25 டொலர், இறுதியில் அவற்றை வாங்குபவர் செலுத்தியதோ 20 டொலர் வரை. ஒருவர் தவிர்க்க விரும்பிய சலிப்பு மறைந்துவிடவில்லை. மணிக்குச் சுமார் 30 சதம் பெறும் இன்னொருவரின் தோளுக்கு மாற்றப்பட்டது.

2004இல் வெளிவந்த வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட், எவர்குவெஸ்டின் கடுமையைப் பெரிதும் தளர்த்தியிருந்தது. 2009 டிசெம்பரில், அந்நியரைத் தானாகவே குழுவாக இணைக்கும் வசதியும் அதிற் சேர்ந்தது. காத்திருத்தல் குறைந்தது, ஆனால் ஒருவரையொருவர் அறியும் தேவையும் உடன் குறைந்தது. 2015இல் டொலருக்கு வாங்கிப் பொற்காசுக்கு விற்கத்தக்க வில்லையொன்றை நிறுவனமே அறிமுகப்படுத்தியது. முன்பு தான் தடைசெய்த வணிகத்துக்கு அதுவே தரகராயிற்று. 2019இல் அதே விளையாட்டின் பழைய வடிவம் மீண்டும் சந்தைக்கு வந்தபோது, இழந்த தோழமைமீதான ஏக்கமும் சந்தாவுக்குரிய பண்டமாயிற்று.

ஆகவே, ஒரு விதி கடினமானதா எளியதா என்ற வினா போதியதன்று. அது மனிதரை ஒருவர்க்கொருவர் துணையாக்குகின்றதா, அன்றி அவர்தம் காலத்தை மட்டும் கறக்கின்றதா என்பதையும், அக்காலத்தின் பயன் யாரைச் சென்றடைகின்றது என்பதையும் வினவுதல் வேண்டும். கடுமையை மீட்பதனால் மட்டும் தோழமை மீளாது; சலிப்பை அகற்றுவதனால் மட்டும் சுரண்டல் அகலாது. நாஞ்சிங் தொழிலாளரைக் கணக்கிற் கொள்ளாத எந்த விளையாட்டு விமர்சனமும் பாதி விமர்சனமே.